வியாதியுற்ற பிள்ளையின் பெற்றோருக்கு



செபக்கூடத் தலைவராகிய யாயிர் என்பவருடைய வரலாற்றை நீங்கள் பலமுறை பூசையில் கேட்டிருக்கிறீர்கள். அர்ச். மாற்கு தமது சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் அதை விவரமாய் எழுதி வைத்திருக்கிறார். 12 வயதுள்ள மகள் சாகுந்தறுவாயில் கிடக்கிறாள். தகப்பனோ ஊரில் மதிப்புள்ளவர். வேறொருவரை அனுப்பிச் சொல்லச் செய்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் தாமே வந்து, திரளான ஜனங்கள் பார்த்திருக்க, ஆண்டவருடைய பாதத்தில் விழுந்து மன்றாடுகிறார்.

இந்த வரலாற்றை இன்று நாம் தியானிக்கக் காரணம் உண்டு. சர்க்கரை வியாதி என்றால் வயது சென்றவர்களுக்கு வருவது என்றே நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறோம். அது சிறு பிள்ளைகளுக்கும் வருகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், பால் மறவாத குழந்தைக்குங்கூட வருகிறது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் சில மாதங்களுக்கொரு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த வியாதிக்கென்றே படித்த வைத்தியரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வழி நீண்ட வழி. அதில் அவர்கள் எப்படி நடக்கவேண்டும், பங்கிலுள்ள மற்றவர்கள் அவர்களுக்கு எப்படித் துணை நிற்கவேண்டும் என்பதை யாயிரிடமிருந்தே கற்றுக்கொள்வோம்.

முதலில் வியாதி இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்றொரு உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் என்னும் பொருளைச் சுரக்கிறது. நாம் உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஓடுகிறதல்லவா? அந்தச் சர்க்கரை சரீரத்தின் அணுக்களுக்குள் நுழையும்படி கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். கிருமிகளோடு போராட வேண்டிய சரீரத்தின் காவல் சக்தியே வழி தவறி, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுமானால் சாவி இல்லாமற்போகிறது. இதற்கு முதல் வகை நீரிழிவு என்று பெயர். வாசலில் நெல்மூட்டை அடுக்கியிருக்க, பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர்கள் பட்டினி கிடப்பதுபோல, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கப் பிள்ளை இளைத்துப்போகிறது. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், பழக்கம் விட்ட பிள்ளை திரும்பவும் இரவில் படுக்கையை நனைத்தல், காரணமற்ற சோர்வு, இவை அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் அன்றே இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள்.

இது மிட்டாய் அதிகம் தின்றதனால் வந்ததல்ல. தாய் வளர்த்த விதத்தினால் வந்ததுமல்ல. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமல்ல. யார் செய்த பாவமோ என்று கேட்கிறவர்களும் உண்டு. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவனும் பாவஞ் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று ஆண்டவர் தீர்த்துச் சொன்னதை அர்ச். அருளப்பர் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் தீர்த்துவைத்த வழக்கைத் திண்ணையில் உட்கார்ந்து நாம் மறுபடி திறப்பது தகுமோ?

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன் இந்த வியாதி கண்ட பிள்ளை பிழைப்பதில்லை. உணவைக் குறைத்துக் குறைத்துச் சாவைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதே வைத்தியர்களால் ஆனது. 1921-ஆம் வருஷத்தில் கனடா தேசத்து டொராண்டோ நகரத்தில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் மக்ளவுட் என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ந் தேதி லியோனர்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து போதிய சுத்தமாய் இல்லாதபடியால் அது நன்கு பலிக்கவில்லை. கொலிப் என்பவர் இரவும் பகலும் உழைத்து அதைச் சுத்திகரித்தார். 12 நாள் கழித்து மறுபடியும் போட்டபோது பையன் தேறினான். பின்னும் 13 வருஷம் உயிரோடிருந்தான். பாண்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் அதன் உரிமையைத் தலைக்கு ஒரே டாலருக்கு டொராண்டோ சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்று அதே வியாதியுள்ள பிள்ளைகள் படித்து, வேலை பார்த்து, கலியாணஞ் செய்து, பேரப்பிள்ளைகளையும் காண்கிறார்கள். மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்வதும், வைத்தியரைக் காலந்தவறாமல் பார்ப்பதுமே அதற்கு வேண்டியவை.

இனி யாயிரோடு நடப்போம்.

முதலாவது, தகப்பன் தாமே போனார். நம் குடும்பங்களில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது தாயின் வேலை என்று விட்டுவிடுகிறோம். விடியற்காலை பஸ் ஏறுகிறவளும் அவளே. சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறவளும் அவளே. வைத்தியர் சொன்னதைக் கேட்டு வந்து வீட்டில் ஒப்பிக்கிறவளும் அவளே. சர்க்கரை ஏறியிருந்தால் ஏச்சு வாங்குகிறவளும் அவள்தான். தகப்பன்மாரே! ஒவ்வொரு முறையும் கூலியை இழந்து போக முடியாதென்பது மெய்தான். ஆனால் வருஷத்தில் இரண்டு முறையாவது போங்கள். ஊசி எவ்வளவு, எந்த வேளை, எந்த இடத்தில் என்பதை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். தாய்க்குக் காய்ச்சல் வந்த நாளில் பிள்ளைக்கு ஊசி போடத் தெரியாத தகப்பன், வீட்டுக்குப் பாதித் தகப்பன்தான்.

இரண்டாவது, யாயிர் காத்திருந்தார். ஆண்டவர் அவரோடு புறப்பட்டு வருகிறபோது, 12 வருஷம் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ குறுக்கே வருகிறாள். அநேக வைத்தியரிடம் போய்க் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தவள் அவள். ஆண்டவர் நின்று அவளோடு பேசுகிறார். யாயிருக்கு ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகமாய்ப் போயிருக்கும். ஆயினும் அவர் முறுமுறுத்ததாக எழுதப்படவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிடும் நம்பருக்காகக் காத்திருக்கிற தாய்மாரே! உங்களுக்கு முன்னே உள்ளே போனவளும் ஒரு யாயிருடைய மகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் வேளையை வீணாக்காதேயுங்கள். வைத்தியரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். பிள்ளைக்கு வேளா வேளைக்கு உணவு வேண்டியிருப்பதால் கட்டுச்சோறும், தாழ்சர்க்கரைக்கென்று கொஞ்சம் சர்க்கரையும் கையில் இருக்கட்டும்.

வைத்தியர் கேட்பதென்ன? தினந்தோறும் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை அளவை எழுதிய நோட்டைக் கேட்பார். கையில் ஒட்டிக்கொள்ளும் கருவி வைத்திருக்கிறவர்கள் அதன் கணக்கைக் காட்டுவார்கள். அத்துடன் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை ஒன்று உண்டு. இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் தன்மேல் ஒட்டிய சர்க்கரையை அது சுமந்து வருவதால் அந்தச் சோதனை பொய் சொல்லாது. சில வருஷங்கள் சென்றபின் கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கொரு முறை சோதிக்கச் சொல்லுவார்கள். பிள்ளை நன்றாய்த்தானே இருக்கிறது, இந்த முறை போகாவிட்டால் என்ன என்று தள்ளிப்போடாதேயுங்கள். கெடுதி வெளியே தெரியுமுன் கண்டுபிடிப்பதற்காகத்தான் அந்தப் பயணம்.

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நோட்டில் 300 என்று கண்டவுடனே பிள்ளையை அதட்டுகிறீர்கள். “என்ன திருட்டுத் தீனி தின்றாய்?” என்று கேட்கிறீர்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை பிள்ளை 300-ஐ 130 என்று எழுதிவைக்கும். பொய் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? சர்க்கரை அளவு ஒரு பாவமல்ல. அந்த நோட்டு பாவசங்கீர்த்தனத் தொட்டியுமல்ல. காய்ச்சலாலும், பரீட்சைப் பயத்தாலும், வளரும் பருவத்தாலும், ஊசி போடும் இடம் தடித்துப்போவதாலும் அளவு ஏறும். உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் வைத்தியர் மருந்தைத் திருத்த முடியும். ஆகையால் எந்த எண்ணை எழுதினாலும், “உண்மையை எழுதினாயே, நல்லது கண்ணே” என்று முதலில் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மூன்றாவது, யாயிர் ஊராருடைய பேச்சுக்குச் செவிகொடுக்கவில்லை. பிள்ளை செத்துப்போயிற்று, போதகரை ஏன் வருத்தப்படுத்துகிறாய் என்று வழியிலேயே சொன்னார்கள். வீட்டில் கூடியிருந்தவர்கள் ஆண்டவரையே பரிகாசம் பண்ணினார்கள். நம் ஊரிலும் அப்படிப்பட்ட பேச்சுக்குக் குறைவில்லை. “இங்கிலீஷ் மருந்தை நிறுத்து, கஷாயத்தில் குணமாகும்” என்பார் ஒருவர். “இந்த வயதிலே ஊசியா? பழகிப்போகும்” என்பார் மற்றொருவர். இன்சுலின் ஒரு லாகிரி வஸ்து அல்ல. மற்றப் பிள்ளைகளின் சரீரம் தானே சுரப்பதை இந்தப் பிள்ளைக்கு வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவே.

எல்லாவற்றிலும் கொடியது, பக்தியின் பெயரால் சொல்லப்படும் பேச்சு. “வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டோம், விசுவாசம் இருந்தால் ஊசியை நிறுத்திப் பார்” என்கிறவர்கள் உண்டு. கிறிஸ்தவர்களே, கவனமாய்க் கேளுங்கள். இந்த வியாதியுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தம் புளித்து, வாந்தியும் வயிற்று வலியும் கண்டு, மூச்சு ஆழமாய் வாங்கி, வாயில் பழவாடை வீசி, நினைவு தப்பிப் பிள்ளை இறந்துபோகக் கூடும். தேவாலயத்தின் உச்சியில் ஆண்டவரை நிறுத்தி, கீழே குதியும், சம்மனசுகள் தாங்குவார்கள் என்று சொன்னவன் யார்? பசாசு அல்லவா? சேசுநாதர் குதித்தாரா? தேவனைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். தாம் குதிக்க மறுத்த உச்சியிலிருந்து நம் பிள்ளையைத் தள்ளிவிடுவதை அவர் விசுவாசம் என்று ஏற்றுக்கொள்வாரோ?

வேளாங்கண்ணிக்குப் போங்கள், முழங்காலில் நின்று அழுது வேண்டிக்கொள்ளுங்கள், பிள்ளையையும் கூட்டிப்போங்கள். ஊசி மருந்தையும் கூடவே எடுத்துப்போங்கள். வைத்தியனைக் கனம்பண்ண வேண்டும், அவனை உண்டாக்கினவர் ஆண்டவரே, மருந்தைப் பூமியிலிருந்து முளைப்பித்தவரும் அவரே என்பது சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரத்தின் போதனை. சுவிசேஷம் எழுதிய அர்ச். லூக்காஸே ஒரு வைத்தியர். நேப்பிள்ஸ் நகரத்தில் ஏழை வியாதியஸ்தரிடம் காசு வாங்காமல் வைத்தியஞ் செய்து 1927-இல் மரித்த யோசேப்பு மொஸ்காத்தி என்னும் வைத்தியரை 1987-இல் திருச்சபை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது. மருந்தும் செபமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் ஒரே பிதாவின் இரண்டு கரங்கள்.

நான்காவது, ஆண்டவர் பரிகாசக்காரரையெல்லாம் வெளியேற்றிவிட்டு, இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரையும், பிள்ளையின் தகப்பனையும் தாயையும் மாத்திரம் உள்ளே அழைத்துக்கொண்டு போனார். தகப்பனும் தாயும் இருவரும் உள்ளே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உள்ளே போய்ச் சிறுமியின் கையைப் பிடித்து, அவள் வீட்டில் பேசும் பாஷையிலேயே அவளோடு பேசினார். தகப்பனிடம் பேசிவிட்டு வரவில்லை. வைத்தியர் முன் உட்காரும்போது நாமும் பிள்ளையைப் பேசவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் சரீரத்தைப்பற்றிச் சொல்லத் தெரியும். எந்த வேளை ஊசி வலிக்கிறது, பள்ளிக்கூடத்தில் எப்போது தலை சுற்றுகிறது, எதைக் கண்டு பயப்படுகிறது என்பதை அதுவே சொல்லட்டும். “வலிக்காது” என்று பொய் சொல்லி ஊசிக்குக் கூட்டிப்போகாதேயுங்கள். “எறும்பு கடித்தாற்போல் இருக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்” என்று மெய்யைச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர அளவு பார்ப்பதையும் ஊசி போடுவதையும் கொஞ்சங் கொஞ்சமாய் அதன் கையில் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள்.

வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் மறவாதேயுங்கள். அண்ணனுக்கு ஆஸ்பத்திரி, அண்ணனுக்குத் தனிச் சமையல், அண்ணனுக்காகச் செபமாலை என்று கேட்டுக் கேட்டுத் தங்கையின் மனம் ஏங்கிப்போகும். ஒரு நாள் அவளுக்கென்று இருக்கட்டும்.

ஐந்தாவது, சிறுமி எழுந்து நடந்தாள். பார்த்தவர்கள் பிரமித்துப்போனார்கள். அப்போது ஆண்டவர் சொன்னது என்ன? அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி கட்டளையிட்டார். உயிரைக் கொடுத்தவர், இட்லியைப்போலும் கஞ்சியைப்போலும் ஒரு சாதாரணக் காரியத்தை மறக்கவில்லை. புதுமையை அவர் செய்தார். பிள்ளைக்கு ஊட்டும் வேலையைப் பெற்றோரிடம் விட்டார். நீரிழிவுள்ள பிள்ளையின் வீட்டில் இந்த வேலை தினந்தோறும் மூன்று வேளையும் நடக்கிறது. தட்டில் எவ்வளவு சோறு, அதற்கு எவ்வளவு ஊசி என்று கணக்குப் பார்க்கிற தாய் அந்தக் கட்டளையைத்தான் நிறைவேற்றுகிறாள். அவளுடைய சமையற்கட்டு ஒரு பலிபீடம் என்று சொன்னால் மிகையாகாது.

சில காரியங்களைப் பங்கு முழுவதும் அறிந்திருக்க வேண்டும். ஊசி போட்ட பிள்ளைக்குச் சில வேளை சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, முகம் வெளுத்து, பேச்சு தடுமாறும். உடனே 15 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். சின்னஞ்சிறு குழந்தைக்கு அதிலும் குறைவாய் வைத்தியர் சொன்னபடி. 15 நிமிஷங் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. ஒரு பக்கமாய்ப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகையால் பூசை நேரத்தில் ஒரு பிள்ளை பையிலிருந்து மிட்டாயை எடுத்து வாயில் போட்டால் யாரும் திரும்பி முறைக்க வேண்டாம்.

நற்கருணை வாங்குமுன் இப்படிச் சாப்பிட்டால் உபவாசம் முறிந்துபோகுமே என்று பாட்டிமார் கலங்குகிறார்கள். முற்காலத்தில் நடுச்சாமம் முதல் உபவாசம் இருந்ததை அவர்கள் கேட்டறிந்திருப்பார்கள். 1964-ஆம் வருஷம் 6-ஆம் சின்னப்பர் என்னும் பரிசுத்த பாப்பு அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். தண்ணீரும் மருந்தும் எப்போதும் விலக்கு. வியாதியஸ்தரும் அவர்களைப் பராமரிக்கிறவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். தபசு காலத்து ஒருசந்தியும் 18 வயது நிறைந்தவர்களுக்கே கடமை. வியாதியஸ்தரை அது கட்டுப்படுத்தாது. பிள்ளை தானாக ஆசைப்பட்டாலும் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருக்கவிடாதேயுங்கள். தபசு செய்ய ஆசையானால் ஒரு கோபத்தை அடக்கட்டும். அது ஆண்டவருக்கு உகந்த ஒருசந்தி.

கடைசியாக, நடந்ததை ஒருவரும் அறியலாகாதென்று ஆண்டவர் யாயிருடைய வீட்டாருக்குக் கட்டளையிட்டார். பிள்ளையின் வியாதியை ஊரெல்லாம் பேசித் திரிவது அன்பல்ல. ஆனால் அறிய வேண்டியவர்களுக்கு மறைப்பதும் தகாது. பெண்பிள்ளையாயிற்றே, நாளைக்குக் கலியாணம் ஆகவேண்டுமே என்று பள்ளிக்கூடத்து ஆசிரியையிடங்கூடச் சொல்லாமல் மறைக்கிறார்கள். வகுப்பில் பிள்ளை மயங்கி விழும்போது காரணம் தெரியாமல் ஆசிரியை என்ன செய்வாள்? மறைத்துக் காப்பாற்றிய மானத்தைவிடப் பிள்ளையின் உயிர் பெரிதல்லவா? ஆசிரியை, ஞானோபதேச வகுப்பு நடத்துகிறவர், பக்கத்து வீட்டார் ஒருவர் ஆகியோருக்குச் சொல்லிவையுங்கள். மற்றவர்களும் அவர்களைச் சங்கடப்படுத்தும் கேள்வி கேளாமல், உதவி வேண்டிய இடத்தில் நில்லுங்கள். ஆஸ்பத்திரி நாளில் அந்த வீட்டுச் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பஸ் கூலிக்குக் கையில் நூறு ரூபாய் வைப்பது, குளிர்பெட்டி உள்ள வீட்டார் இன்சுலின் வைக்க ஒரு மூலை கொடுப்பது, இவையும் ஆண்டவருக்குச் செய்த உபகாரங்களே. வியாதியாயிருந்த தம்மை வந்து பார்த்தவர்களை அவர் தீர்வை நாளில் மறவார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் வியாதி யாயிருடைய மகளின் வியாதியைப்போல் ஒரு நாளில் தீராமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் பிள்ளை கண் விழித்து எழுந்திருக்கிறபோது, அதே ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்புகிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். எழுப்புகிறவர் அவர். உண்ணக் கொடுக்கிறவர்கள் நீங்கள். நம் பங்கிலுள்ள எல்லா வியாதியஸ்தப் பிள்ளைகளையும், அவர்களுக்காக இரவில் விழித்திருக்கிற தாய் தகப்பன்மாரையும், அவர்களைக் கவனிக்கும் வைத்தியர், நர்ஸம்மாள்மார்களையும் ஆரோக்கிய மாதாவின் அடைக்கலத்தில் ஒப்படைப்போம்.

பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே. ஆமென்.